ஒரு சாண் கூடுதல்

அக்கினி நட்சத்திரத்தில்
வண்டியூர்க் கண்மாய்க் கரையோரம்
எங்கள் வீட்டை நிறுத்தியிருந்தோம்.
ஆறு சக்கரம், ஒரு கட்டில்,
பழைய பள்ளிக்கூட பஸ்.
மஞ்சளைச் சுரண்டி வெள்ளை அடித்த பிறகும்
வலது பக்கம் ‘குழந்தைகள்’ என்ற எழுத்து
வெயிலில் மெல்ல மேலே வருகிறது.

ஃப்ரிட்ஜைத் திறந்தால்
இட்லி மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு
யாரென்று எட்டிப் பார்க்கிறது.
பால் திரிந்து மூன்றாம் நாள்.
கதவுத் தட்டில் இருந்த இன்சுலின் பேனா இரண்டையும்
ஈரத்துணி சுற்றி மண்சட்டிக்குள்
மாற்றி வைத்தாள் முத்துராக்கு,
ஒன்றும் சொல்லாமல்.
அவள் ஒன்றும் சொல்லாதது
டிகிரி டிகிரியாக ஏறிக்கொண்டே போனது.

கேஸ் தீர்ந்திருக்கும் என்றேன்.
சுடர் நீலமாக எரிந்தது.
வண்டி சாய்ந்து நிற்கும் என்றேன்.
டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றித்
தரையில் வைத்துக் காட்டினாள்,
ஒரு பக்கமும் வழியவில்லை.
கம்பெனி சரியில்லை என்றேன்.
டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டுப் போனாள்.

இந்தப் பெட்டிக்கு மோட்டார் கிடையாது.
அடியில் சின்னதாய் ஒரு நெருப்பு,
அந்த நெருப்பை வைத்துத்தான் குளிரவைக்கும்.
மாட்டுத்தாவணியில் சொன்னால் சிரிப்பார்கள்;
வாங்கும்போது நானும் சிரித்தேன்.
உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து
முதுகு வழியாக வெளியே தள்ளும்,
அவ்வளவுதான் அது பார்க்கும் வேலை.
குளிர் என்று தனியாக
எதையும் செய்து தருவதில்லை.

மதியம் மூன்று மணி.
சாமி படத்துக்கு முன்னாலிருந்து
ஊதுபத்தி ஒன்றை உருவி வந்து
வண்டிக்கு வெளியே குந்தி
கீழ் ஜன்னல் வாயில் பிடித்தாள்.
புகை உள்ளே போனது.
நான் மேல் ஜன்னலைப் பார்த்து நின்றேன்.
வரவில்லை.
வரவே இல்லை.
பிறகு உள்ளே, சமையல் மேடை இடுக்கில்,
மெதுவாகத் தலைகாட்டியது.
“பாத்தீங்களா, போக வழி தெரியாம
வீட்டுக்குள்ளயே சுத்துது.”

பெட்டியை வெளியே இழுத்தோம்.
முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்.
நான்தான் விட்டேன், மூன்று வருஷம் முன்னால்,
தாராளமாக இருக்கட்டும் என்று.
தாராளம் கண்ட காற்று
கொதிக்கிற தகட்டுப் பக்கம்
தலைவைத்தும் படுக்காமல்
சுவரோரமாகவே நழுவியிருக்கிறது,
கல்யாண மண்டபத்தில்
மொய் எழுதும் மேசையைச் சுற்றிக்கொண்டு
பந்திக்குப் போகிறவன் மாதிரி.
மேல் ஜன்னல் கம்பிக்குள் ஒரு குளவிக்கூடு.
காலி. மண் மட்டும்.

முனிச்சாலையில் பழைய கம்ப்யூட்டர் கடை.
சிக்கந்தர் பாய் இரண்டு விசிறி கொடுத்தார்,
ஒன்று சத்தம் போடும் என்று சொல்லியே.
கடலை எண்ணெய் டின்னை வெட்டி விரித்து
சாய்வாக ஒரு தகரம் அடித்தேன்.
இனி தகட்டை உரசாமல் காற்று போகமுடியாது.
இரண்டு விரல் இடம் போதுமாம் அதற்கு.
கட்டைவிரலில் ரத்தம்.
சமையல் மேடை இடுக்கை அலுமினிய டேப் ஒட்டி
அவள் அடைத்தாள்.
சாயங்கால வெயில் ஜன்னல் பக்கம் படாதபடி
வண்டியைத் திருப்பி நிறுத்தினேன்.

மறுபடி ஊதுபத்தி.
இந்தத் தடவை மேலே,
பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் அவசரத்தில்
சாம்பல் நிறமாய் ஒரு கோடு.
அவள் கை தட்டவில்லை.
பத்தியை மண்ணில் குத்திவிட்டு
கை கழுவப் போனாள்.

ராத்திரி பத்து மணிக்குப் பதினேழு டிகிரி.
ஒரு மணிக்குப் பதினொன்று.
விடிய இருக்கும்போது ஐந்து.
பேனாக்கள் தட்டுக்குத் திரும்பின.

தூக்கம் வராமல் வெளியே வந்து
மேல் ஜன்னலுக்கு முகத்தைக் காட்டினேன்.
சுடச்சுட மூச்சு.
நேற்றுவரை இதெல்லாம் உள்ளேதான்
இருந்திருக்கிறது,
புளித்த மாவுக்கும்
எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்.
சத்தம் போடும் விசிறி
சொன்னபடியே சத்தம் போட்டது.

வண்டிக்குள்ளிருந்து குரல்:
“நின்னு ரசிச்சது போதும்.
விடிஞ்சதும் அந்த ரம்பத்த எடுத்து
நம்ம தலமாட்டுலயும் ஒண்ணு போடுங்க.”