இடப்பக்கம்

ஹில்ஸ்பரோவில் ஞாயிறு காலை
கார் டிக்கியைத் திறந்து வைத்து
வீட்டில் மிஞ்சியதை விற்பார்கள்.
பிஸ்கட் டப்பா ஒன்றில் பதினோரு மடக்குக் கத்திகள்,
துருவால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு.
"டப்பாவோடு எட்டு பவுண்டு" என்றார் ஹின்ச்ளிஃப்.
டப்பா வேண்டாம் என்றேன்.
"எட்டு பவுண்டே டப்பாவுக்குத்தான்."

பத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
பதினொன்றாவது திறக்க மறுத்தது.
காலி ஊறுகாய் ஜாடியில்
மூன்று நாள் எண்ணெய்க்குள் கிடந்தது.
பல்குச்சியால் அதன் வயிற்றைக் குடைந்தேன்:
புகையிலைத் தூள், சட்டைப்பை நூல்,
ஏதோ பழத்தின் கறுத்த தோல்.
நான்காம் நாள், இரவு டியூட்டி முடிந்து வந்து
நகம் கொடுத்து இழுத்தேன்.
நகம் போயிற்று,
கத்தி வந்தது.

மான்கொம்புப் பிடி. உள்ளே பித்தளைத் தகடு.
அலகின் அடியில் முத்திரை:
கம்பெனிப் பெயரில் பாதி, ஊர்ப் பெயர் முழுசாக.
ஷெஃபீல்டு.
பிறந்த ஊரைவிட்டு எங்கும் போகாத கத்தி.

"பளபளப்பாக்கிவிடாதே" என்று கார்டன் போனில் எச்சரித்தார்.
காரணம் உண்டு. ஆர்வக்கோளாறில் ஒருமுறை
முத்திரையையே துடைத்தெடுத்தவள் நான்.
அந்தக் கத்தி இன்றும் என் இழுப்பறையில்
கண்ணாடி போல மின்னுகிறது, பெயரில்லாமல்.
ஆகவே சிவப்புத் துருவை மட்டும் எடுத்தேன்.
கறுப்பைத் தொடவில்லை;
அது எஃகு தானே தைத்துக்கொண்ட சட்டை.

படம் பிடிக்க உட்கார்ந்தபோதுதான் வம்பு.
ஜன்னலில் டிரேசிங் பேப்பர், அதற்கு அப்பால்
இந்த ஊர் மேகம், மின்கட்டணம் இல்லாத விளக்கு.
அலகில் முதலில் என் மூக்கு விழுந்தது.
வெள்ளை அட்டையில் துளையிட்டு அதன் பின்னால் ஒளிந்தேன்.
அடுத்து கூரை விழுந்தது.
அடுத்து, கொடியில் காயும் யூனிஃபார்ம்.

சேகரிப்பவர்களுக்கு ஒரு சட்டம்:
முத்திரைப் பக்கமே முகம்.
நகம் வைக்கும் பள்ளமும் அங்கேதான் இருக்கும்.
அப்படியே வைத்துப் பதினான்கு படம் எடுத்தேன்.
எல்லாவற்றிலும்
பெண் பார்க்க வந்தவர்கள் முன் உட்கார்ந்த மாதிரி
அசட்டுக் களை.
இத்தனை பழம் நறுக்கிய, இத்தனை கயிறு அறுத்த கை
எதையுமா விட்டுப் போகவில்லை?

திருப்பிப் போட்டேன்.

கட்டைவிரல் அகலத்துக்குக்
கொம்பின் வரிகள் வழுவழுத்திருந்தன.
அலகின் முதுகோரம், பள்ளமே இல்லாத இடத்தில்,
காசின் விளிம்பால் நெம்பிய கீறல்கள்.
எண்ணத் தொடங்கி அறுபதில் விட்டேன்.

எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
பந்தியில் இலைமேல் கை நீண்ட கணமே
"சோத்துக்கை எது?" என்று கேட்கப்பட்டவள்.
பீச்சாங்கை என்று பெயர் வைத்து
என்னில் பாதியை ஒதுக்கிவைத்தது என் மொழி.
கத்தரிக்கோல், டின் ஓப்பனர்,
வங்கியில் சங்கிலி போட்ட பேனா,
எல்லாம் வேறு யாருக்கோ அளவெடுத்தவை.

அவரோ, அவளோ.
ஒவ்வொரு ஆப்பிளுக்கும் முன்பு
பையில் காசு தேடி, நெம்பி, ஒரு சின்னச் சண்டை.
திட்டியிருக்கலாம்.
கத்தியை மட்டும் மாற்றவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் எலும்புகளைப் படமெடுக்கிறவள்.
தட்டின் ஓரத்தில் ஓர் ஈய எழுத்து வைப்போம்,
வலமா இடமா என்று பின்னால் யாரும் குழம்பாதபடி.
மறந்தால் நல்ல காலில் கத்தி வைத்துவிடுவார்கள்.
கொடியில் தொங்கிய யூனிஃபார்ம் பையில் அது இருந்தது.

மறுபக்கம் மேலே தெரியக் கத்தியைக் கிடத்தி
பிடிக்குப் பக்கத்தில் வைத்தேன் அந்த 'எல்'லை.
ஷட்டருக்கு மட்டும் வலக்கை வேண்டியிருந்தது.
கேமராவைச் செய்ததும் அவர்கள்தானே.

கார்டனுக்கு அனுப்பினேன்.
"முத்திரை தெரியவில்லையே" என்று பதில் வந்தது.
தெரிகிறது என்று எழுதினேன்.