சாக்கின் அடியில்

நோர்வூட்டில் இல்யாஸ் நானாவின் கடை.
வாசலில் வாய் திறந்த இரண்டு சாக்கு.
ஒன்றில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக
பெருநாள் மிட்டாய் போலப் பூனைச் சாப்பாடு.
மற்றதில் வெறும் மண்நிறம்.

"கலர்தான் ஓடுது பிள்ளை" என்கிறார்.
ஓடும். வாங்குவது நாம்தானே.
என் புஷ்பராணிக்கு என்ன
பச்சை கேட்டு அழுகிற வயசா?

பதினோரு வருசமாகச் சல்லடை அறையில் நிற்கிறேன்.
கண்ணைக் கட்டிவிட்டாலும்
விரலிடுக்கில் தேய்த்துத் தரம் சொல்வேன்.
அந்த விரலைச் சாக்கின் அடிவரை விட்டேன்.
கலரின் அடியில் ஒரு பிடி தூள்,
மூக்கருகே கொண்டுபோனால்
நாள்பட்ட எண்ணெயின் சிக்கு வாடை.
மண்நிறத்தில் தூள் கொஞ்சம்தான்.
ஒன்றை எடுத்து உடைத்தேன்,
டக்கென்றது. மீன் மணத்தது.

"தேயிலையா பார்க்கிற?"
"இதுவும் அரைச்சு, சூட்டில் காயவெச்சு,
சலிச்சதுதானே நானா."

சாக்கைத் திருப்பச் சொன்னேன்.
முதுகில் எறும்பு எழுத்து.
போன மாசம் கடுவன் துரைசிங்கம்
மூலையில் குந்திக் குந்தி
சொட்டுக்கூட வராமல் கதறியபோது
மிருக டாக்டர் சொன்னது:
முதலில் எழுதியிருப்பதுதான் அதிகம் போட்டிருப்பது.
கோதுமை முதலில் வந்தால் கீழே வை.
தண்ணீரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதே,
தள்ளி வை, இரண்டு இடத்தில் வை.

கலரில் கோதுமை, பிறகு சோளம்,
அதற்கும் பிறகு 'கோழி சார்ந்தவை'.
மண்நிறத்தில் மீன், கோழி, அரிசி.
கிலோவுக்கு ஐந்நூறு ரூபாய் கூட.
மடிப்பில் இருந்த நோட்டை
இரண்டு தரம் எண்ணிவிட்டுக் கொடுத்தேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் பட்டது.
காலையில் ரொட்டி, ராத்திரியும் ரொட்டி.
என் முதுகில் ஒரு பட்டியல் ஒட்டினால்
முதல் பேர் கோதுமை மா.
என்ன சிரிப்பு என்றாள் பக்கத்துச் சீட்டுக்காரி.
ஒன்றுமில்லை என்றேன்.

உலர் உணவாம்.
ஆடி மாசத்து மஸ்கெலியா மழையில்
தீப்பெட்டியே உலர்வதில்லை.
பிஸ்கட் தகரத்துக்குள் தேயிலைப் பெட்டித் தாள் விரித்து,
பச்சரிசியைத் துணியில் முடிந்து போட்டு,
மூடிமேல் அம்மிக்குழவியும் வைத்தேன்.
டோர்ச் அதையும் தள்ளப் பார்த்தது,
ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு.

முதல் நாள் பழையதில் ஒரு பிடி புதியது.
நாலாம் நாள் பாதிக்குப் பாதி.
ரசம் தின்றது. மூணாம் நம்பர் மலையில் பிறந்ததால்
மூணாம் நம்பர் என்றே பேரானதும் தின்றது.
பேர் வைக்காத குட்டி தட்டுக்குள்ளேயே ஏறி நின்றது.
புஷ்பராணி மட்டும்
சிவப்பைப் பொறுக்கித் தின்றுவிட்டு
மண்நிறத்தை ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள்.
அவளுக்குக் கலர் தெரியாது என்றேனே,
அந்த வரியை வாபஸ் வாங்குகிறேன்.
ஒன்பதாம் நாள் பசி அவளோடு பேசிப் பார்த்தது.

மாச முடிவில் கொப்பியை எடுத்தேன்.
கலரில் ஆறு பேருக்கு நாளைக்கு இருநூற்று நாற்பது கிராம்,
அதற்குப் பிறகும் காலைச் சுற்றிக் கத்தல்.
மண்நிறத்தில் நூற்றைம்பது கிராம்,
தின்றுவிட்டுத் தூங்கிவிடுகின்றன.
ஆறாயிரத்து நானூற்று எண்பது அது.
ஆறாயிரத்து முந்நூறு இது.
மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன்.
விலை கூடினது நூற்றெண்பது ரூபாய் மலிவு.

ஆனால் கொப்பியில் ஏறாத ஒன்று:
இன்று நைட் சிஃப்ட் முடிந்து வருகிறேன்,
பனி இன்னும் கூரையிலிருந்து இறங்கவில்லை,
லயத்துக் கோடியில் துரைசிங்கம்
சாம்பல் குவியல்மேல் நின்று
ஒரே நீளமாக,
நிதானமாக,
பாதியில் நிற்காமல்.

வழியில் நின்று முழுசாகப் பார்த்தேன்.
சாம்பலில் ஒரு கறுப்பு வட்டம் பெரிதானது.
இதை யாரிடம் போய்ச் சொல்வது.