இனிஷியல்

விமான நிலையத்தில் இரண்டு பெட்டிகளும் வந்துசேர்ந்தன.
மூன்றாவதாக அப்பாவும் வந்திருந்தார் என்பது
மறுநாள் காலை,
சேன்-தெனி பல்கலைக்கழக அலுவலகத்தில்தான் தெரிந்தது.

"குடும்பப் பெயர்?"
இல்லை என்றேன்.
ஒரு வருஷத்துக்கு வந்த பரிமாற்ற மாணவி என்றாலும்
அந்தக் கட்டம் காலியாக இருந்தால்
கணினி நகராதாம்.
அந்த அம்மாள் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள்.
ஓர் எழுத்துக்குள் இத்தனை காலம்
நான் மடித்து வைத்திருந்ததை
உதறி விரித்துத் தட்டச்சினாள்,
பெரிய எழுத்தில்: பாவாடை.
அடியில் சின்னதாக எழிலரசி.
ழகரத்தில் ஒருமுறை வழுக்கியவள்
பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.
"வரலாம், மதாம் பவதே."

பண்ருட்டியில், எட்டாம் வகுப்பு பி பிரிவில்,
பா-ன்னா என்னடி என்று கேட்டவளிடம்
பாலகிருஷ்ணன் என்றேன்.
இன்னொருத்தியிடம் பாஸ்கர்.
பெற்றோர் கூட்டத்தன்று எனக்குக் காய்ச்சல்.
அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.
பலா மண்டியில்
பழத்தைத் தட்டியே உள்ளே என்ன என்று சொல்கிறவர்.
ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போனார்.

இங்கே யாரும் சிரிக்கவில்லை.
நிலத்தடி நீர் வகுப்பில் பவதே என்று கூப்பிட்டால்
இரண்டு கைகள் உயரும்.
மற்றது ழான்-யானிக்கின் கை.
அகரவரிசை எங்களை ஒரே மேசையில் உட்காரவைத்தது.
எப்போதோ கப்பலேறி வந்த
யாரோ ஒரு பாவாடை
குமாஸ்தா முன்னால் நின்று
தன் பெயரை மட்டும் சொல்லியிருக்கிறான்.
அவனுக்கும் ஒரு காலிக் கட்டம் காத்திருந்திருக்கும்.
பிறகு பிறந்த எல்லோரும் பாவாடைகள்.
ழான்-யானிக்குக்குத் தமிழில் நான்கு சொற்கள் தெரியும்.
மூன்று சாமி பெயர்.

எரிமலைப் பாறையில் இறங்கும் மழை
எங்கே போய்த் தலைகாட்டும் என்று பார்க்க
மேலே பச்சைச் சாயம் ஊற்றிவிட்டு
கீழே ஊற்றடியில் காத்திருந்தோம்.
அப்போதுதான் கேட்டான்,
"நம் பெயருக்கு என்ன அர்த்தம்?"

நம் பெயர்.
பாலகிருஷ்ணன் நாக்கு நுனி வரை வந்தார்.

"சாமி வரும் வழியில் விரிக்கும் துணி," என்றேன்.
பொய்யில்லை. அகராதியில் இருக்கிறது.
ஆனால் அவன் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்தைப்
பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.
"பெண்கள் இடுப்பில் கட்டுவதும் அதுதான்."
"ழூப்?"
"ழூப்."

ஒரு நொடி.
பிறகு அருவியையும் மீறிச் சிரித்தான்.
மாமா பட்டறையின் பெயர்ப்பலகை:
பாவாடை அண்ட் சன்ஸ், எல்லா டயர்களும் கிடைக்கும்.
பட்டாளத்தில் அண்ணன்: சார்ஜன்ட் பாவாடை.
நானும் சிரித்தேன்,
பதின்மூன்று வயதிலேயே சிரித்திருக்கலாம்,
விலா வலித்தது.

சாயம் அன்றைக்கு வரவில்லை.
மறுநாளும் வரவில்லை.

முதல் தேர்வில் பவதே, எ.: இருபதுக்கு ஏழு.
அறிவிப்புப் பலகையில் அப்பா தோற்றிருந்தார்,
அஞ்சாம் வகுப்புக்கு மேல்
தோற்கக்கூடப் போகாதவர்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி
விடுதியில் சலவை எந்திரத்துக்குக் காசு போட்டுவிட்டு
முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் அழைத்தார்.
சாப்பிட்டியா. சாப்பிட்டேன்.
பலாப்பிஞ்சை இங்கே
புகைபோட்ட பன்றிக்கறியோடு சமைக்கிறார்கள் என்றேன்.
"பிஞ்சையா பறிக்கிறானுங்க," என்று வருத்தப்பட்டார்.
பரீட்சை? இங்கே ஒரே மழைப்பா.
பிறகு வேறெதையோ விசாரிப்பதுபோல,
"அங்க உன்ன என்னன்னு கூப்புடுறாங்க?"

எந்திரம் சுற்றி முடித்து நின்றது.

"உங்க பேரச் சொல்லித்தாம்ப்பா."

மண்டிக்குள் ஏதோ லாரி பின்னால் வரும் சத்தம்.
யாரோ "வரலாம், வரலாம்" என்று தட்டுகிறார்கள்.

"முழுசாவா?" என்றார்.