ஓட்டம்

வெகுதானிய வருஷத்து அணைக்கரைப் பதிவேட்டில்
கரையான் மிச்சம் வைத்த பக்கங்களைக்
கணினியில் ஏற்றுவது என் வேலை.
தினக்கூலி. மதியச் சாப்பாடு என் செலவு.

மாசி ஒன்பது: ஓட்டம் நாற்பத்தேழு.
மாசி பத்து: ஓட்டம் மூன்று.
மாசி பன்னிரண்டு: ஓட்டம் இல்லை.

தண்ணீர் என்றுதான் தட்டினேன்.
மாசியில் கொள்ளிடத்தில் ஏது தண்ணீர்
என்பது மூன்றாம் நாள் உறைத்தது.

ஓரத்தில் பென்சிலால் இரண்டு பெயர்.
ஜி. எல். பெல்ச்சம்பர், உதவிப் பொறியாளர்.
உத்திராபதி, ஷட்டர் லஸ்கர்.
காசு வாங்காமல் ஆடும் கனவானுக்கு முதலெழுத்து உண்டு,
கூலிக்குப் பந்து போடுகிறவன் மொட்டையாக நிற்பான்,
அது அவர்கள் சீமை வழக்கம்.
எனக்கு இங்கே முதலெழுத்து இருக்கிறது,
கூலியும் இருக்கிறது.

பின்னட்டையில் துரையின் சொந்தக் கணக்கு.
கென்ட் அணிக்கு நான்கு ஆட்டம். அதிகபட்சம் முப்பத்தொன்று.
கூலி: இல்லை, இரண்டு முறை அடிக்கோடு.
ரயில், விடுதி, கையுறை, ஒயின்: தனித்தனியே வரவு.
கூட்டிப் பார்த்தேன்.
கூலிக்காரன் வாங்கியதைவிட
ஏழு ஷில்லிங் அதிகம்.

இங்கே வந்து தரை தேடி அலைந்திருக்கிறார்.
ஆற்று மணல் பந்தை விழுங்கிற்று.
வயல் வெடித்துக் கிடந்தது, வெடிப்பில் உளுந்து.
கடைசியில் மிராசுதாரின் நெற்களம்.
சாணி மெழுகி, மாடு மிதித்து மிதித்துக்
கல்லாய்ப் போன மண்.
நெல் வீடு சேர்ந்த மறுநாள் மூன்று குச்சி ஊன்றினார்.
வாடகை எட்டணா, கைக்காசு.
சீமை மட்டை வெயிலில் வாய் பிளந்தது;
இலுப்பெண்ணெய் அரைப்படி, அதுவும் கைக்காசு.
ஆடக் காசு வாங்காத மனுஷர்
ஆடுவதற்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்.

பந்து போட உத்திராபதிக்கு நாளுக்கு இரண்டணா.
வாய்க்கால் கரையில் கவண் சுழற்றிக்
கொக்கு விரட்டிப் பழகிய கை.
தாது வருஷப் பஞ்சத்தில்
அந்தக் கொக்கையே அடித்துத் தின்றிருக்கலாம்.
அது நானாகச் சேர்த்தது, பதிவேட்டில் இல்லை.

பன்னிரண்டாம் தேதி முதல் பந்து
மாடு கட்டும் முளை பிடுங்கிய குழியில் விழுந்து
எழும்பாமல் போய்
நடுக்குச்சியைச் சாய்த்திருக்கிறது.
நடுவர், கணக்கர் வைத்திலிங்கம் பிள்ளை.
அவர் எழுதியது: காற்றில் விழுந்தது.
ஒன்பது பேர் சாப்பிடும் குடும்பம் அவருக்கு,
காற்று என்றுதான் எழுதுவார்.
அந்த வரியை வேறொரு மை அடித்திருக்கிறது.
மேலே, கோணல்மாணலான தமிழில்,
எழுத்துக் கூட்டி எழுதியது போல:
காத்து இல்லை. உதிராபதி.

நல்ல மனுஷர் என்று நினைத்துப் பக்கம் திருப்பினேன்.
மாசி பதின்மூன்று.
அதே மை, அதே கோணல்:
நேத்து மத்தியானம் லஸ்கர் ஷட்டரில் இல்லை.
அபராதம் இரண்டணா.

அவன் எங்கே இருந்தான் என்று
அந்தத் துரைக்குத் தெரியாதா?

வைகாசியில் கையெழுத்து மாறுகிறது.
பேதியா, மாற்றலா, எதுவும் எழுதவில்லை.
ஏலப் பட்டியல் மட்டும் இருக்கிறது:
கொசுவலை ஒன்று, பூட்ஸ் ஒரு ஜோடி, சேணம்,
விரிசல் விட்ட மட்டை பன்னிரண்டணா.
எடுத்தவர்: உத்திராபதி.
ஆறு நாள் பந்துக்கூலியைக் கொடுத்து
அதை வாங்கி என்ன செய்தான்?
அடுப்பெரித்தானா, கதவுக்கு முட்டுக் கொடுத்தானா,
யாரையாவது பந்து போடச் சொல்லிக்
களத்தில் நின்றானா?
மிச்சப் பக்கம் கரையானுக்கு.

ஏற்றிய பதிவைத் திருத்த
உதவிச் செயற்பொறியாளர் கையெழுத்து வேண்டும்.
அவர் மேட்டூர் போயிருக்கிறார்.
ஆகவே அரசுக் கணக்குப்படி
அந்த மாசி ஒன்பதில்
வறண்ட கொள்ளிடத்தில்
நாற்பத்தேழு கனஅடி ஓடியது.
ஓடட்டும்.