நெறிமுறை விலகல்

பாகற்காய்ப் பொடி அடைத்த கேப்சூல் பாதி,
சோளமாவு அடைத்தது பாதி.
இரண்டுக்கும் ஒரே பச்சை, ஒரே எடை,
டப்பாவின் மேல் வெறும் எண்.
யாருக்கு எது என்று டாக்டருக்குத் தெரியாது,
எனக்கும் தெரியாது.
புனேயில் ஒரு பீரோவுக்குத் தெரியும்.

தினம் மூன்று, சாப்பாட்டுக்கு முன்.
விழுங்க வேண்டும். கடிக்கக் கூடாது.
தமிழில், மராத்தியில், இந்தியில்
நானே சொல்லி
நானே கையெழுத்து வாங்கினேன்,
எண்பத்திரண்டு பேரிடம்,
சயானில், மின்விசிறி ஒரு பக்கம் மட்டும் திரும்பும் அறையில்.

மாவிலும் கொஞ்சம் கசப்பைக் கலக்கலாமே என்று
முதல் கூட்டத்தில் கேட்டேன்.
உறைக்குள் இருப்பதை யார் ருசி பார்க்கப் போகிறார்கள்
என்றார் ஒருவர்.
டீ வந்துவிட்டது.

நாற்பத்தேழாம் எண் பலவேசம்.
வயது ஐம்பத்து நான்கு, வீடு தாராவி.
மாட்டுங்காவில் ஒரு மிட்டாய்க்கடையின் பின்கட்டில்
இருபத்தொன்பது வருஷமாய்ப் பாகு காய்ச்சுகிறார்.
ஜிலேபிக்கு ஒரு பதம், பூந்திக்கு ஒரு பதம்,
குலாப்ஜாமுனுக்குக் கம்பி கூடாது, பிசுக்கு போதும்.
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிப் பிரியும்போது
நடுவில் எழும் இழையை
விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார்.
பார்த்தபின் அந்த விரல் வாய்க்குப் போகும்.
ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று
எங்கள் படிவத்தில் கேள்வி இல்லை.
இனிப்பு சாப்பிடுவீர்களா என்றுதான் இருந்தது.
இல்லை என்றார்.
பொய் இல்லை.

பன்னிரண்டாம் வாரம் ரத்தம் கொடுத்துவிட்டு
பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தவர்
"ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது மேடம்" என்றார்.
"மொத நாளே கடிச்சுப் பாத்துட்டேன்.
நாக்குக்குச் சொல்லாம நான் எதையும் உள்ள விட்டதில்ல.
கசக்கல. மாவு.
அதுவும் பழைய மாவு."

டப்பாக்களைக் கொட்டி எண்ணினேன்.
ஒன்றுகூட மிச்சமில்லை.
இருநூற்று ஐம்பத்திரண்டு கேப்சூல்,
மாவு என்று தெரிந்தே.

"பின்னே ஏன் போட்டீங்க?"

"பாகு பதம் பாக்க ஒரு கிண்ணம் தண்ணி வேணும்லா.
அதுல ஒரு சொட்டு விட்டாத்தான்
உருளுதா கரையுதான்னு தெரியும்.
அந்தத் தண்ணில சீனியும் இருக்கக் கூடாது, உப்பும் இருக்கக் கூடாது.
யாராச்சும் சும்மா தண்ணியா இருக்கணும்லா மேடம்.
நான் இருந்துட்டுப் போறேன்."

முதல் நாள் வெறும்வயிற்றில் இருநூற்றுப் பதினொன்று.
இன்றைக்கு நூற்று அறுபத்தாறு.
மறுபடியும் பார்த்தேன், அதே நூற்று அறுபத்தாறு.
மாவுக்கு இது எப்படி?

"விரல நக்குறதில்ல இப்ப.
துணில தொடச்சிருதேன்.
காய் நமக்குக் கிடைக்கலன்னு தெரிஞ்ச பொறவு
நாமளாச்சும் கொஞ்சம் பாத்துக்கிடணும்லா."

அப்படியென்றால் தண்ணீர் சும்மா இருக்கவில்லையே
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
ஒரு மனுஷனுக்குச் சர்க்கரை நாற்பத்தைந்து இறங்கியதற்கு
எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருத்தப்படுவது.

நெறிமுறை விலகல், படிவம் ஒன்பது.
தேதி. எண். நடந்தது என்ன.
'கடித்தார்' என்று எழுதினேன்.
காரணத்துக்கு இரண்டு அங்குலம் இடம் விட்டிருந்தார்கள்.
'தொழில்' என்று எழுதி, அடித்து,
வேறு சொல் கிடைக்காமல்
பக்கத்தில் அதையே எழுதினேன்.

கதவு வரை போனவர் திரும்பினார்.
"இன்னும் நாலு வாரம் கெடக்கே,
மாவப் போடணுமா மேடம்?"

போடுங்க என்றேன்.
புது டப்பாவை வாங்கிக் காதருகே குலுக்கிப் பார்த்தார்.
பிறகு, ஒன்றும் ஒட்டாத விரல்களை
சட்டையில் துடைத்துக்கொண்டே
படி இறங்கினார்.