முன்வாசல்

விமானம் ஒன்று ஐம்பதுக்கு.
ஒன்று ஐம்பது என்றால் நாளைய தேதி,
கிளம்புவது இன்றைக்கு.
இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.
தேதி குழம்பி ஒருநாள் பிந்தி வந்தவர்
தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தபோது
அவரைச் சுற்றிச் சுற்றித் துடைத்திருக்கிறேன்,
தண்ணீர் செருப்பைத் தொடாதபடி.

மஸ்கட்டில் ஆறு வருஷம்.
காலா தொழிற்பேட்டையில் கேம்ப்,
இரவு ஒன்பது இருபதுக்குக் கம்பெனி வேன்,
பன்னிரண்டு நிமிஷம்,
பின்கேட்டில் கார்டைத் தேய்த்தால் பச்சை விளக்கு.
ஆரோக்கியமேரி கார்டில் கொள்ளவில்லை,
ஆரோக்கி என்று நிறுத்திவிட்டார்கள்.
ஏர்போர்ட்டுக்கு வழி கேட்டால்
தூக்கத்தில்கூடச் சொல்வேன்;
பாதி நாள் தூக்கத்தில்தான் போனேன்.

அதே வேனில் ஏறிக்கொள்கிறேன் என்றேன்.
ஷைனி மேடம் மலையாளத்தில் இளகி
ரூலில் இறுகினார்:
ஸ்டாஃபை மட்டும்தான் ஏற்றலாம்,
நீ இப்போது பாசஞ்சர்.
யூனிஃபார்மைச் செவ்வாய்க்கிழமையே
எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டாயிற்று.
இரண்டு செட், ஒரு பொத்தான் குறைவு,
முந்நூறு பைசா பிடித்தம்.

மெயின் ரோடு வரை நடந்து பஸ் பிடி என்கிறாள் காஞ்சனா.
நான் நடப்பேன்,
முப்பது கிலோவை யார் நடத்துவது?
பிமலாவின் மச்சானுக்குத் தெரிந்த ஒருவன்
காரோடு வருவானாம்.
எப்போது என்று கேட்டால்
வருவான் என்கிறாள்.
வருவான் என்பது ஒரு மணியா?
டாக்சி மூன்று ரியால்,
ராத்திரி என்றால் நாலு கேட்பார்கள்.
நாலு ரியாலை மனசு உடனே ரூபாயாக்கி
ரூபாயைப் பால்பவுடர் டின்னாக்கி
டின்னை எண்ணிப் பார்த்தது.
இந்தப் பெருக்கல் எப்போது நிற்குமோ.

ஒருமணி நேரம் முன்னால் போனால் போதாதா,
இதோ தெரிகிறதே என்கிறாள் காஞ்சனா.
தெரிகிறதுதான்.
துணி காயும் கம்பிக்கு மேலேயே
விமானங்களின் வயிறு தெரியும்,
சக்கரம் மடங்குவது தெரியும்.
ஆனால் நேரத்தைப் பற்றி நான் கற்றதெல்லாம்
மாப் பிடித்துக் கற்றது.
கவுண்டருக்கு முன்னால் பெட்டியைப் பிளந்துபோட்டு
போர்வையா, பேரீச்சையா என்று விழித்தவர்கள்,
பின்னாலிருந்தவர்கள் பல்லைக் கடித்தார்கள்,
அவர்கள் விட்டுப்போனதைக் கூட்டி எடுத்தவள் நான்.
ஒருமுறை ஒரு குழந்தை சைக்கிள்,
கைப்பிடியில் விலைச்சீட்டோடு.
சீக்கிரம் வந்து கெட்டவர்களைக் கண்டதில்லை.
முதுகு வலித்தவர்கள் உண்டு.

ஆகவே பிமலாவின் கொக்கித் தராசில்
மூன்று தரம் தூக்கினோம்.
இருபத்தொன்பது எண்ணூறு.
ஊறுகாயை எடுத்து, திரும்ப வைத்து,
மறுபடி தூக்கினோம். அதே எண்ணூறு.
அவள் ஷூ மாட்டி வேனுக்கு ஓடினாள்.
ஜன்னல் வழியே
அந்த வேன் போவதை முதன்முறையாகப் பார்த்தேன்.
பின்விளக்கு ஒன்று எரியவில்லை.

ஒன்பதரைக்கு டாக்சி.
எந்த வாசல் என்றார் ஓட்டுநர்.
பின்கேட் என்று வாய் கிளம்பிவிட்டது.
சமாளித்து, முன்னால், முன்னால் என்றேன்.
அந்தக் கண்ணாடிக் கதவை
உள்ளேயிருந்துதான் தெரியும் எனக்கு,
இடுப்பு உயரத்தில் பெரியவர்கள் கை,
முட்டி உயரத்தில் பிள்ளைகள் கை,
துடைக்கத் துடைக்கப் புதிதாய்.
வெளியே நின்று பார்த்தால்
ஒரு ரேகையும் தெரியவில்லை.

உள்ளே தரை ஈரம்.
மஞ்சள் பலகையை யாரோ தள்ளி வைத்திருந்தார்கள்,
நானாக இருந்தால் இன்னும் இரண்டடி இந்தப் பக்கம்.
என் தள்ளுவண்டி நேராகப் போய்
இரண்டு கோடு இழுத்துவிட்டது.
'சைட் ப்ளீஸ், மேடம்.'
பிமலா.
மேலே கேமரா இருக்கிறது, அவள் நிமிரவில்லை.

மணி ஒன்பது ஐம்பது.
கவுண்டர் திறக்க இன்னும் ஒருமணி நேரம்.
தூணோரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.
இதன் அடியில் ஒரு பபிள்கம் உண்டு,
ஜனவரியிலிருந்து சுரண்டுகிறேன், வரவில்லை.
மாப் என் வரிசைக்கு வந்தது.
கால் இரண்டையும் தூக்கிக்கொண்டேன்.