நெலா

என்னிடம் அவள் சொன்ன முதல் சொல்
சிவா.
நவம்பர். அரங்கின் பின்வாசல். மைனஸ் இருபத்தேழு.
வயலின் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு
கைகளுக்குள் ஊதி ஊதி
சிவா, சிவா என்றாள்.
வின்னிபெக்கில் ஒரு வெள்ளைக்காரி சைவமா என்று
நான் திகைத்து நின்றேன்.
'குளிருது' என்பதற்கு ஜார்ஜிய மொழியில்
கிட்டத்தட்ட அதுதான் சொல்லாம்.

நான் வாசிப்பவன் அல்ல. இசைக்குழுவின் நூலகன்.
அறுபத்தேழு பேருக்கும் தாள் அடுக்குபவன்,
வாடகைக்கு வந்த தாள்களை
அழித்துத் துடைத்துத் திருப்பி அனுப்புபவன்.
லமாரா கோகோசூரி:
இரண்டாம் வயலின், ஐந்தாம் மேசை, உள்பக்க நாற்காலி.
பக்கம் புரட்டுவது உள்பக்கத்தாரின் வேலை.
இசை கொதித்து எழும் இடத்தில்
வில்லை நிறுத்திவிட்டுத் தாள் புரட்டினாள்,
இருபத்திரண்டு வருசம்.

சியாத்தூரா என்றொரு சுரங்க ஊர்.
மலைக்கு மலை கம்பி கட்டி
தகரப் பெட்டியில் ஆட்களைத் தொங்கவிட்டு ஏற்றும் ஊர்.
பெட்டியை ஓட்டியவர் அவளுடைய மாமா.
நல்ல மாமா என்றேன்.
சிரித்தாள். அங்கே மாமா என்றால் அப்பா.
ஒரு மாலை மின்சாரம் நின்று
பள்ளத்தாக்கின் நடுவில் பெட்டியும் நின்றது.
கரி முகத்தோடு பன்னிரண்டு தொழிலாளர்கள்,
ஒன்பது வயதில் இவள், கையில் அரை வயலின்.
அதுதான் முதல் கச்சேரி என்பாள்,
யாரும் எழுந்து போக முடியாத சபை.

பத்தொன்பதில் மாஸ்கோவில் மூன்றாம் பரிசு.
ஒரே ஒரு இசைத்தட்டு,
உறையில் அவள் பெயர் எழுத்துப்பிழையோடு.
பிறகு தொண்ணூற்றிரண்டு.
திபிலிசித் தெருவில் வெடிச்சத்தம்,
விரல்நுனி வெட்டிய கையுறையோடு வாசிப்பு,
சம்பளம் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்.
அதே வருசம் நான் யாழ்ப்பாணத்தில்
ஜாம் போத்தல் விளக்கில் படித்துக்கொண்டிருந்தேன்.
அவளிடம் சொல்லவில்லை.
தாளை அடுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

கனடாவில் முதல் இரண்டு வருசம்
தையல் ஆலையில் பனிக்கோட்டுக்குக் கை பொருத்தினாள்.
ஊசி இடது கையை நெருங்கும்போதெல்லாம்
வலது கையை முன்னால் கொடுத்தாளாம்.
தேர்வு நாளில் திரைக்குப் பின்னால் இருந்து வாசிக்க வேண்டும்.
ஆணா பெண்ணா என்று காலடி காட்டிக்கொடுக்காமலிருக்கக் கம்பளம்.
பெயர் இல்லை, நாடு இல்லை, எண் பதினாறு.
'என் ஆங்கிலத்தை ஒருவரும் திருத்தாத
ஏழு நிமிடம்.'

தனியாக வாசித்தவள்
பன்னிரண்டு பேரில் ஒருத்தியானது வருத்தமில்லையா என்று
ஒரு தரம் கேட்டுவிட்டேன்.
தொங்குபெட்டியில் முன்வரிசை ஏது என்றாள்.

தாள் விளிம்பில் அவள் எழுதியதைப் பார்த்து
தமிழோ என்று கண்ணைக் கிட்டக் கொண்டுபோனேன்.
அத்தனை சுழி, அத்தனை வளைவு,
ஓரெழுத்தும் பிடிபடவில்லை.
நெலா, என்று வாசித்துக் காட்டினாள். மெதுவாக.
நடத்துநர் விரட்டும் இடமெல்லாம்
பென்சில் முனை முறியும் அழுத்தத்தில்
நெலா.

ஓய்வுபெற்று மூன்று வருசம்.
கிம்லியில் ஏரிக்கரை வீடு, தொலைக்காட்சியில் ஹாக்கி.
கச்சேரிக்கு வா என்று அழைத்தால்
சிவா என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுகிறாள்,
ஜூலையிலும்.

அவள் கடைசியாக வாசித்த தாளை நான்தான் அழித்தேன்.
விதி அது. ரப்பர்த் துகளை ஊதித் தள்ளி,
கட்டி, அனுப்பி, மறந்தும் போனேன்.
இந்த மார்ச்சில் அதே கட்டு திரும்பி வந்தது,
ஹாலிஃபாக்ஸ், ரெஜைனா எல்லாம் சுற்றிவிட்டு.
ஜன்னல் வெளிச்சத்தில் தாளைச் சாய்த்தால்
கரி போன இடத்தில் பள்ளம் மட்டும்:
நெலா.
பக்கத்தில் எவரோ, எந்த ஊரோ,
மெல்லிய பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
அடுத்த வரியில் வில்குறியைச் சற்று நீட்டியும் வைத்திருக்கிறார்.

கேள்விக்குறியை அழித்தேன்.
வில்குறியை விட்டுவிட்டேன்.